ஊராத குதிரை: ஒகேனக்கல் மலைகளும் ஏறியவர்களும்

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் கீழேதான் பார்க்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பென்னாகரத்திலிருந்து பஸ் மலையிறங்கி வந்து நின்றதும் காதில் விழுவது தண்ணீர்ச் சத்தம், மூக்கில் ஏறுவது மீன் வறுக்கும் வாசனை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒரு பக்கம் கூப்பிடுவார், பரிசல்காரர் ஒரு பக்கம் கூப்பிடுவார். இந்தக் கூச்சலில் தலையைத் தூக்கி அக்கரை மலையைப் பார்க்கிறவர் அபூர்வம். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. கல் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. புகையும் கல்லும் சேர்ந்து பெயரான ஊரில் எல்லோரும் புகையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். கல் அங்கேயே கிடக்கிறது. கார்பனடைட் என்கிற அபூர்வமான பாறை வகை இங்கே உண்டு. அதற்கு வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று புவியியலாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

சுற்றிவர மலைகள். மேற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலைத்தொடர், கர்நாடகம். வடக்கே, சின்னாறு இறங்கி வரும் பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் போனால் மேலகிரி. இன்றைக்கு அது பெரும்பாலும் கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கில் வரும். அந்தத் தொடரில் பேர்பெற்ற உச்சி குத்திராயன். உயரம் 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இமயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது ஒரு மேடு. ஆனால் ஒகேனக்கல் ஆற்று மட்டம் 250 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு இடையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் நிற்கிறது. நடுவில் மூங்கில், முள், யானை.

இந்த மலைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை வரிசையாக எடுத்துவைத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மலை வருகிறது, மலைக்குச் சொந்தக்காரன் வருகிறான், மலையிலிருந்து கொண்டுவந்த பொருள் வருகிறது. ஏறியவன் வருவதில்லை. அப்படியே வந்தாலும் பெயர் இல்லாமல் வருகிறான். சங்கப் பாட்டிலிருந்து நேற்று வந்த பயணக் கட்டுரை வரைக்கும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

*

மலையேற்றத்தின் உலக வரலாறு ‘முதல் ஏற்றம்’ என்கிற ஒரே ஆணியில் தொங்குகிறது. எந்தச் சிகரத்தைப் பற்றிப் படித்தாலும் யார், எந்த வருஷம், எந்தப் பக்கமாக என்கிற மூன்று தகவல் முதலில் வந்துவிடும். 1953 மே 29 அன்று எவரெஸ்ட்டில் டென்சிங்கும் ஹிலாரியும் நின்றார்கள். இறங்கி வந்ததும் உலகம் கேட்டது, யார் கால் முதலில் பட்டது என்று. இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். விடவில்லை. கடைசியில் 1955ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் டென்சிங், ஹிலாரிதான் ஒரு சில எட்டுகள் முன்னால் என்று சொல்லி முடித்துவைத்தார். டென்சிங்குக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ஓர் அமெரிக்க எழுத்தாளர் எழுதியது அந்தப் புத்தகம். அந்தக் கேள்வி அவரை எவ்வளவு சலிப்படையச் செய்திருந்தது என்பது அதிலேயே தெரியும்.

நமக்குப் பக்கத்தில் ஆனைமுடி. 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் அதற்கு மேல் உயரம் கிடையாது. பதிவான முதல் ஏற்றம் 1862 மே மாதம், மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன். இதில் ‘பதிவான’ என்கிற சொல்தான் எல்லா வேலையையும் செய்கிறது. அந்த மலைகளில் முதுவர்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட 1862 வரைக்கும் மேலே போய் எட்டிப் பார்க்கவில்லை என்று யாரும் நம்பப்போவதில்லை, பதிவு வைத்திருக்கிறவர்களும் நம்பவில்லை. போயிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

குத்திராயனுக்கு அந்த ஒரு வரிக்கும் தேவை ஏற்படவில்லை. அதற்கு முதல் ஏற்றம் என்று கொண்டாடப்படும் ஆளே கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. மாடு தேடியும் தேன் தேடியும் கிழங்கு தேடியும் ஏறிய மலையில் முதல் ஆள் என்பதற்கு என்ன அர்த்தம்? ஆனால் முதல் ஆள் வேண்டாம் என்பது ஒன்று, ஏறிய ஆளே வேண்டாம் என்பது வேறொன்று. நம் எழுத்து இரண்டாவதைச் செய்துவிட்டது.

*

தர்மபுரிக்காரர்களுக்கு மலை என்றால் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்த அரிய கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கதை. கதையின் வேர் புறநானூற்று 91ஆம் பாட்டில் இருக்கிறது. பாட்டை எடுத்து நிதானமாகப் படித்தால் கதையாகக் கேட்டதற்கும் பாட்டில் இருப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

முதலாவது, பாட்டு மலையின் பெயரைச் சொல்லவே இல்லை. பழமையான பெரிய மலை, அதன் பிளவு, அடைவதற்கு அரிய உச்சி, அங்கே கொண்ட சின்ன இலை நெல்லியின் கனி. அவ்வளவுதான். இரண்டாவது, ‘கொண்ட’ என்ற அந்த எச்சத்துக்கு எழுவாய் வெளிப்படையாக இல்லை. அஞ்சியே ஏறிப் பறித்தான் என்றும் படிக்கலாம், யாரோ ஏறிப் பறித்துக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்கள் என்றும் படிக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஔவையின் கண் கொடுத்தவன் மேல் இருக்கிறது. கனியின் பலனைச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தானே என்கிற நன்றி அது. பாட்டின் வேலை அது, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அடுத்து என்ன ஆகிறது பாருங்கள். பிற்பாடு சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை அடுக்கும்போது இதே கொடையைச் சொல்கிறது. அங்கே நெல்லி பூ மணக்கும் சாரலில் அழகாக நிற்கிறது. பிளவும் இல்லை, அரிய உச்சியும் இல்லை. கனி அமுதமாகிவிட்டது, மலை சரிவாகிவிட்டது. ஏறும் கஷ்டம் பாட்டிலிருந்து கழன்று விழுந்து கொடைச் சிறப்பு மட்டும் மிஞ்சியது. ஒரு தகவல் புகழாக மாறும்போது முதலில் உதிர்வது உடம்பு பட்ட பாடு என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. நெல்லி ஒன்றும் கிடைக்காத மரம் இல்லை. இந்தப் பக்கத்து இலையுதிர் காடுகளில் அது சாதாரணம். காட்டு நெல்லியைக் கூறு கட்டி வைத்து விற்பதை யாரும் பார்க்கலாம். ஆகவே அருமை மரத்தின் இனத்தில் இல்லை, அந்த ஒரு மரம் நின்ற இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போன கால்கள்தான் கனியை அரிய கனி ஆக்கின. பாட்டு அதை ஒரே சொல்லில் ஒப்புக்கொள்கிறது, கதை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, எந்த மலை? அதியர்களோடு சேர்த்துப் பேசப்படுவது குதிரைமலை. எழினியின் மலையாகப் புறம் 158ல் வருகிறது. பிட்டங்கொற்றனின் மலையாக 168ல் வருகிறது. இரண்டு புலவர்களும் ஒரே அடையைப் போடுகிறார்கள்: ஊரப்படாத குதிரை. ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துவது. மிருகக் குதிரை என்று நினைத்துவிடாதே, இது மலை என்று காட்டுகிற வெளிப்படை அது. இலக்கணக் குறிப்பாக வகுப்பில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் நகைச்சுவையும் தெரிகிறது. கிழவன் இருக்கிறான், குதிரையும் இருக்கிறது, ஆனால் அவன் அதை ஓட்ட முடியாது.

இந்தக் குதிரையை எங்கே கட்டுவது என்பதில் ஆராய்ச்சிச் சண்டை உண்டு. கர்நாடகத்துக் குதுரேமுக் என்று கொண்டவர்கள் இருக்கிறார்கள். சுமார் 1,890 மீட்டர், பெயருக்கே குதிரை முகம் என்று பொருள். குதிரை, குத்திராயன் என்று ஒலி ஒத்துப்போவதைப் பார்த்தால் நம் பக்கத்துக்காரர்களுக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஒலியைக் கயிறாக வைத்து மலையைப் பிடிக்கும் இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. குத்திராயன்தான் குதிரைமலை என்று நிறுவ ஒலியைத் தவிர வேறு ஏதாவது வேண்டும். மேலும், மலையின் அடையாளத்தைத் தேடுவதில் காட்டிய ஆர்வத்தில் கால்வாசியை மலையில் இருந்தவர்கள்மேல் காட்டியிருந்தால் 168ஆம் பாட்டு இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஏனென்றால் அந்தப் பாட்டில்தான் ஆட்கள் இருக்கிறார்கள். காட்டுப் பன்றி கிளறிப் போட்ட மண்ணை மறுபடி உழாமல் அதிலேயே நாள் பார்த்துத் தினை விதைக்கிறார்கள் குறவர்கள். விளைந்த புதுத் தினையைச் சமைக்க வேண்டும். மரையாவின் பாலைக் கறந்து, மான் இறைச்சி வெந்த வாசனை போகாத பானையில் ஊற்றி, சந்தனக் கட்டையை விறகாக வைத்துப் பொங்கி, முற்றத்தில் அகலமான வாழையிலையில் பகிர்ந்து உண்கிறார்கள். விறகுக்குச் சந்தனம் என்பதைக் கீழ்நாட்டுக்காரன் படித்தால் ஆடம்பரம் என்பான். மேலே இருக்கிறவனுக்கு அது கைக்கு எட்டிய கட்டை. கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் இதையெல்லாம் சொன்ன பிறகுதான் கிழவனை விளிக்கிறார். ஆட்களுக்குப் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் கையில் பானை இருக்கிறது, வயிற்றில் பசி இருக்கிறது. 91ஆம் பாட்டில் இல்லாத ஒரு நியாயம் இதில் இருக்கிறது.

இதோடு ஜம்பைக் கல்வெட்டையும் வைத்துப் பார்க்கலாம். 1981ல் திருக்கோவிலூர்ப் பக்கம் கண்டெடுத்தார்கள். தமிழி எழுத்தில், அதியன் நெடுமான் அஞ்சி பாறைக் குகையைத் துறவிகளுக்கு இருப்பிடமாகக் கொடுத்த செய்தி. அஞ்சி பாட்டில் மட்டும் இருந்த ஆள் இல்லை என்று நிரூபித்த கல் அது, அதனால் அதன் மதிப்பு மிகப் பெரிது. அங்கேயும் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் இல்லை.

*

கிழக்கே கொஞ்சம் நகர்ந்து செங்கம் பக்கம் போனால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே மலைபடுகடாம் இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மா நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கெனவே போய் வந்த ஒருவன் வழி சொல்கிறான். நன்னனின் நவிர மலையை இன்றைய பர்வதமலையாகக் கொள்வார்கள். பௌர்ணமி ராத்திரிகளில் ஜனங்கள் சங்கிலியைப் பிடித்தும், பாறையில் அடித்து வைத்த கடப்பாறைகளில் கால் வைத்தும் ஏறுகிறார்களே, அதே மலை.

இந்தப் பாட்டை நம் பாடத்திட்டங்கள் இருபது வகை ஓசைக்காக நினைவு வைத்திருக்கின்றன. மலை ஒரு யானை, அதன் ஓசைகள் எல்லாம் அதன் மதம், அதனால் மலைபடுகடாம். அழகான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரே பாட்டை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். ஓசைப் பட்டியலுக்கு முன்னும் பின்னும் இருப்பது நூற்றுக்கணக்கான அடிகள் வழிநடைக் குறிப்பு. அதுதான் நூலின் முதுகெலும்பு.

என்ன குறிப்புகள் என்று பாருங்கள். காட்டுப்பன்றிக்கு ஒடுங்கிய பாதையில் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதே, விடிந்த பிறகு போ. பள்ளங்களில் பாம்பு இருக்கும். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் எறிவார்கள், அது உன் மேல் பட்டால் உயிர் போகும், மரத்தின் மறைவில் ஒதுங்கி நட. பாசி பிடித்த பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். வழி தவறினால் வாத்தியத்தை வாசி, சத்தம் கேட்டுக் கானவர் ஓடி வருவார்கள், பழம் தருவார்கள், வழியில் கொண்டுபோய் விடுவார்கள். பாதை பிரியும் இடத்தில் தவறான தடத்தைக் கலைத்துவிட்டு, சரியான பக்கத்தில் புல்லை முடிந்து வை, பின்னால் வருகிறவனுக்கு அடையாளம்.

கடைசிக் குறிப்பில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். புலவர் அரண்மனையில் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கக்கூடிய செய்தி இல்லை அது. தெரியாத மலையில் பிரியும் தடத்தில் ஒருமுறையாவது நின்று திகைத்தவர்களிடமிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். பரிசுக்காகப் போகிறவன், தனக்குப் பின்னால் அதே பரிசுக்கு வரப்போகிறவனுக்காகப் புல்லை முடிகிறான். முதல் ஏற்றக் கதைகளில் இதற்கு இடமே இல்லை. அங்கே பின்னால் வருகிறவன் போட்டியாளன்.

அந்த ஓசைப் பட்டியலிலும் ஏறியவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். குரங்கும் கைவிட்ட செங்குத்துப் பாறையில் மூங்கில் மால்பு சார்த்தி ஏறித் தேனடையைக் கொள்ளையிட்ட குறவர்களின் ஆரவாரமும் மலையின் ஓசைகளில் ஒன்று. புலி கிழித்த கணவன் மார்புக் காயத்தை ஆற்றப் பெண் பாடுகிற பாட்டும் ஒன்று. மலை போடும் சத்தம் என்று எண்ணி ரசிக்கிறோம். கேட்டுப் பார்த்தால் பாதி, மலையில் வேலை செய்கிறவர்கள் போடும் சத்தம்.

குறையும் உண்டு. முழுப் பாட்டும் கடைசியில் நன்னனின் வாசலில் போய் நிற்கிறது. வழியில் உதவிய கானவரும் தினைப்புனக் காவலரும் நன்னனின் நாட்டு வளம் என்கிற கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். ஆற்றுப்படை என்கிற வகையின் கட்டாயம் அது. ஆனாலும் மலையைக் காலால் எழுதிய நூல் என்று தமிழில் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். 1889ல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலையேற்றக்காரர்கள் கையில் இது இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

*

திரும்ப ஒகேனக்கல்லுக்கு வந்து, பரிசலில் அக்கரை போவோம். மாதேஸ்வரன் மலை. இப்போது சாமராஜநகர் மாவட்டம், ஆனால் சேலம், தர்மபுரி, ஈரோட்டு ஜனங்களுக்கும் அது குலசாமி மலை மாதிரிதான். மாதேஸ்வரனைப் பற்றிக் கன்னடத்தில் பெரிய வாய்மொழிக் காவியம் உண்டு. கம்சாளை என்கிற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். புலிமேல் ஏறி எழுபத்தேழு மலையை ஆளுகிறவன் மாதேஸ்வரன்.

அந்தக் காவியத்தில் சங்கம்மாவின் கதை தனியாகவே புகழ்பெற்றது. அவள் புருஷன் நீலேகௌடா சோளகர், மலைத்தேன் எடுக்கப் போகிறவன். போவதற்கு முன் மனைவியின் கற்பின்மேல் சந்தேகப்பட்டு அவளைச் சித்திரவதை செய்து, காட்டுக்குள் குடிசையில் தனியே விட்டுவிட்டுப் போகிறான். மாதேஸ்வரன் வருவது அவளுக்காக. கவனிக்க வேண்டியது, இங்கே ஏறுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் பெயர் இருக்கிறது என்பதால் அவன் வீரனாகிவிடவில்லை. உயரத்தில் தேன் எடுக்கிற கை, வீட்டில் பெண்ணை அடிக்கிற கை. நாட்டார் பாடகர்கள் இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்திருக்கிறார்கள். ஏறுகிறவனை வணங்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. உச்சியில் கொடி நட்டவன் வீட்டில் எப்படி இருந்தான் என்று இந்த அளவுக்குக் கேட்ட மலையேற்றப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

*

இங்கிலீஷில் இந்த மலைகளுக்கு ஒரு கவிராயர் இருந்தார் என்றால் அது கென்னத் ஆண்டர்சன். 1910 முதல் 1974 வரை வாழ்ந்தவர், பெங்களூர்க்காரர், தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர். முதல் புத்தகம் 1954ல் வந்தது. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், முத்தூர், கெம்பகரை, ஒகேனக்கல் என்று நம் பஸ் பலகைகளில் இருக்கும் பெயர்கள் எல்லாம் அவர் கதைகளில் வரும். அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல்.

ஆண்டர்சனை வேட்டைக் கதைக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் அவருடைய முதல் பக்கங்களைப் படிப்பதில்லை. புலி வருவதற்கு முன்னால் அவர் நிலத்தை விரித்துப் போடுவார். எந்த முகடு எந்தப் பக்கம் சரிகிறது, எந்த ஓடை எதில் விழுகிறது, காட்டு பங்களாவிலிருந்து எத்தனை மைல். குத்திராயனும் அப்படித்தான் அவர் பக்கங்களில் எழுந்து நிற்கிறது, உச்சியாக இல்லாமல் திசை காட்டும் கல்லாக. அவருக்கு அதன்மேல் கொடி நடும் ஆசை இல்லை. புலி உச்சிக்குப் போனால் அவரும் போவார், பள்ளத்துக்குப் போனால் பள்ளத்துக்கு. நிலத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக அதே காலத்தில் தமிழில் யாரும் இந்தப் பகுதியைப் பற்றி எழுதியதாக என் வாசிப்பில் இல்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் செய்த இன்னொரு காரியம் பைரா. சின்னாற்றங்கரைப் பூஜாரி. முதல் புத்தகத்திலேயே பைராவுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கினார். பிறகும் மேலகிரிக் கதைகளில் பைரா திரும்பத் திரும்ப வருகிறார். தடம் பார்ப்பது, காற்றின் திசையை உணர்வது, காட்டின் சத்தத்தில் எது பயத்தின் சத்தம் என்று பிரிப்பது, இதிலெல்லாம் தன்னைவிடப் பைரா பெரியவர் என்பதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. ஏறியவனுக்குப் பெயர் கிடைத்தது இங்கேதான், அதுவும் ஒரு துரையின் கையால்.

அதற்காக ஆண்டர்சனை ஒரேயடியாகத் தூக்கிவைக்க நான் தயாரில்லை. பைராவின் அறிவு கதையில் எப்போதும் துப்பாக்கி இருக்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்காகவே இருக்கிறது. சுடும் பக்கம் வந்ததும் பைரா மரத்துக்குப் பின்னால் போய்விடுகிறார். பைரா காட்டில் தனக்காக என்ன யோசித்தார் என்பது நமக்குக் கிடைப்பதில்லை. அவருடைய வறுமை நகைச்சுவையாகவும் அவருடைய விசுவாசம் நெகிழ்ச்சியாகவும் மாற்றப்படுகிறது. எஜமானுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அன்பு என்று அழைப்பது அந்தக் காலத்து இங்கிலீஷ் வேட்டை எழுத்தின் பழக்கம், ஜிம் கார்பெட்டிடமும் அது உண்டு. ஆனாலும் 91ஆம் பாட்டின் எழுவாய் இல்லாத ‘கொண்ட’வுக்கு எதிரே பைராவை வைத்தால், ஆண்டர்சன் பக்கம் தட்டு கொஞ்சம் தாழ்கிறது.

*

1990களில் நிலைமை தலைகீழானது. ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரையில், மலைக்குப் பின்னால் இருக்கிறது கோபிநத்தம். வீரப்பனின் ஊர். 2004 அக்டோபர் 18ல் இதே தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கம் அவர் கொல்லப்படும் வரைக்கும் இந்த மலைகளில் வழி தெரிந்திருப்பதே குற்றமாக இருந்தது. தேன் எடுக்க எந்தப் பாறைக்குப் போவாய், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், ராத்திரி யார் வந்தது? கானவர்கள் கூத்தருக்குச் சந்தோஷமாகச் சொன்ன பதில்களை இப்போது முகாமில் அடித்துக் கேட்டார்கள். மாதேஸ்வரன் மலையில் இருந்த அதிரடிப்படை முகாமைப் பற்றிய புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் 1999ல் சதாசிவா குழுவை அமைத்தது. 2007ல் 89 பேருக்கு நிவாரணம் தரச் சொன்னது.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004ல் வந்தது. அதை ஆவணம் என்று பாராட்டியவர்களும், ஆவணம்தான், நாவல் ஆகவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. என் வாசிப்பு வேறு. அந்த நாவலின் பலமே அதன் முன்பாதி. வேட்டை, தேன், விதைப்பு, சாமி, சாவு என்று தொட்டியின் வாழ்க்கை நிதானமாக நகரும் அந்தப் பக்கங்களில் காட்டை அறிந்திருப்பது எப்படி ஒரு முழு வாழ்க்கை என்று நமக்குப் பழக்கப்படுத்திவிடுகிறார். அதனால்தான் பின்பாதியில் அந்த அறிவு ஒவ்வொன்றும் உடம்பின்மேல் அடியாகத் திரும்பி வரும்போது தாங்க முடியவில்லை. மொழி சில இடங்களில் அறிக்கை போலத் தட்டையாகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏறியவர்களுக்குப் பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்காக அவர்கள் கொடுத்த விலையையும் எழுதிய தமிழ்ப் புத்தகம் இந்த மலைகளுக்கு இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

*

இப்போது காலம் வேறு. 2018 மார்ச் 11ல் தேனி குரங்கணியில் புல்வெளித் தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் போட்டது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு சரணாலயமானது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வகைப்படுத்தி, இணையத்தில் முன்பதிவு வைத்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கியது. அந்த 40ல் குத்திராயனும் ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த அறிவுக்காக அடி விழுந்ததோ அதே அறிவுக்கு இன்று சம்பளம். நல்ல மாற்றம். சந்தேகமே இல்லை.

எழுத்துதான் மாறவில்லை. மலையேறி வந்தவர்கள் எழுதும் கட்டுரைகள் இணையத்தில் குவிகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சு. அதிகாலை நாலு மணி, குளிர், பை, ஷூ, மூச்சு வாங்குகிறது, மேகம், உச்சி, அங்கே நின்றபோது நான் எவ்வளவு சிறியவன் என்று உணர்ந்தேன். நான் சிறியவன் என்று சொல்லிக்கொண்டே கட்டுரை முழுக்க நான் மட்டும் நிற்கிறேன். ‘எங்களோடு வந்த வழிகாட்டி’ ஒரு வரியில் வந்து போகிறார். அவர் எந்தக் கிராமம், அந்தப் பாறைக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், எந்த மாதம் நெல்லி காய்க்கும், எந்த ஓடை ஏப்ரலில் வற்றும், யானை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்கச் சொன்னார், ஒன்றும் இருக்காது. குரங்கணிக்குப் பிறகாவது, காய்ந்த புல் நிற்கும் சரிவில் மார்ச் மாதத்தில் காலடி வைக்கலாமா கூடாதா என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்ற வேண்டாமா? பெருங்கௌசிகனார் கவண் கல்லைக்கூட விடாமல் சொன்னவர்.

உரைநடையின் அழகுக் குறைவு அல்ல இங்கே என் புகார். சில கட்டுரைகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ஒருவன் குத்திராயனுக்குக் கிளம்பினால் அவனுக்கு அவை எந்த உதவியும் செய்யாது. அவனுக்கு முன்னால் நடக்கப்போகிற ஆளைப் பற்றியும் அவை எதையும் சொல்லாது. அந்த ஆள் பெரும்பாலும் அஞ்செட்டிப் பக்கத்து ஏதோ ஒரு மலைக்கிராமத்துப் பையனாக இருப்பான். அவனுடைய தாத்தா அந்த மலையில் எதற்காக ஏறினார் என்று கேட்டால் சொல்லுவான். ஏறும்போது மூச்சு வாங்கும், பேச முடியாது. இறங்கும்போது கேட்கலாம், பாதி தூரத்தில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும்போது.